வெள்ளிக்கிழமை ஹாட்டிஷ்: மிஞ்சிய வான்கோழியும் ஏரி அரிசியும்

தேங்க்ஸ்கிவிங் என்னும் அமெரிக்க நன்றி நாள் விருந்துக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை மாலையில், எங்கள் வீட்டில் செய்கிற வான்கோழி ஹாட்டிஷை, அதாவது எல்லாவற்றையும் ஒரே தட்டில் சேர்த்து ஓவனில் வேக வைக்கும் உணவைப் பற்றி எழுதும்படி நண்பர்கள் சிலர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். செய்முறையை மட்டும் நான்கு வரியில் எழுதி அனுப்பிவிடலாம்தான். ஆனால் அப்படி அனுப்பியவர்களுக்கெல்லாம் பிறகு தொலைபேசியில் நீண்ட விளக்கம் சொல்ல வேண்டி வந்திருக்கிறது: கறி ஏன் நார்நாராகப் போயிற்று, அரிசி ஏன் கல்லாகவே இருக்கிறது, சாறு ஏன் பச்சை மாவு வாடை அடிக்கிறது என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. வியாழக்கிழமை இரவு, விருந்தினர் கையலம்பி எழுந்த உடனேயே தொடங்கிவிடுகிற வேலை இது. ஆகவே அங்கிருந்தே எழுதுகிறேன்.

நாங்கள் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் 17 ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். அமெரிக்காவில் வான்கோழி வளர்ப்பில் பல ஆண்டுகளாக முதலிடத்தில் இருந்துவரும் மாநிலம் இது. வில்மர் போன்ற ஊர்களின் பக்கம் காரில் போனால் நீண்ட, தாழ்ந்த கூரையுடைய வான்கோழிப் பண்ணைகளைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். ஆபிரகாம் லிங்கன் 1863-இல் அறிவித்து, 1941-இல் நாடாளுமன்றம் சட்டமாக்கி நவம்பரின் நான்காவது வியாழன் என்று உறுதிப்படுத்திய இந்த நன்றி நாளில், எங்கள் மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் உட்காருவோம். பத்துப் பேருக்குப் 10 பவுண்டுப் பறவையே போதும் என்றாலும் நான் வாங்குவது 16 பவுண்டு, அதாவது ஏழே கால் கிலோ. மிஞ்ச வேண்டும் என்பதற்காகவே பெரிதாக வாங்குகிறேன். விருந்து முடியும்போது எலும்பு நீக்கி ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாமல் கறி நிற்கும். அந்தக் கறிக்குச் செய்ய வேண்டிய மரியாதையைச் செய்தால், வியாழக்கிழமை விருந்தைவிட வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாடு மேலானதாக அமையும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் ஆண்டில் இது எதுவும் எனக்குத் தெரியாது. நறுக்கிய நெஞ்சுக்கறியைத் தட்டோடு பிளாஸ்டிக் தாளால் மூடிக் குளிர்பெட்டியில் வைத்தேன். இரண்டு நாள் கழித்து மைக்ரோவேவில் சூடாக்கிய போது, பழைய எண்ணெயும் நனைந்த அட்டையும் சேர்ந்தாற்போல ஒரு வாடை எழுந்தது. கறி கெட்டுப்போகவில்லை, ஆனாலும் குழந்தைகள் ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை. சோற்றைக் கொட்டாத வீட்டில் வளர்ந்தவள் நான். ஒரு கிலோவுக்கு மேல் நல்ல இறைச்சியைக் குப்பையில் போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. பக்கத்து வீட்டில் அப்போது நார்வேயிலிருந்து குடியேறிய குடும்பத்தின் வழிவந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். வேலியோரம் நின்று பேசிக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "வியாழன் இரவே செய்ய வேண்டியதை நீங்கள் சனிக்கிழமை செய்யப் பார்த்திருக்கிறீர்கள்" என்றார். அடுத்த ஆண்டு விருந்து முடிந்த இரவில் அவரே எங்கள் சமையலறைக்கு வந்து, கை கழுவிவிட்டு, பறவையின் முன்னால் என்னை நிற்க வைத்துக் கற்றுக்கொடுத்தார்.

அந்த வாடைக்குக் காரணம் என்ன என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். வான்கோழியின் கொழுப்பில் காற்றோடு எளிதில் வினைபுரியும் நிறைவுறாக் கொழுப்பமிலங்கள் மிகுதி. அந்த வினையைத் தடுக்கும் வைட்டமின் ஈ, கோழியின் தசையில் தங்குமளவுக்கு வான்கோழியின் தசையில் தங்குவதில்லை. சமைக்கும்போது தசையின் சிவப்பு நிறமிகளிலிருந்து இரும்பு விடுபட்டு, கொழுப்பும் ஆக்சிஜனும் சேரும் வேலையை விரைவுபடுத்துகிறது. எனவே சமைத்த வான்கோழியைத் திறந்து வைத்தால் ஒரே இரவில் அந்த வாடை தொடங்கிவிடும். மறுபடி சூடாக்கும்போது அது எழுந்து மூக்கில் ஏறும். ஆட்டுக்கறியிலும் மாட்டுக்கறியிலும்கூட இது உண்டென்றாலும் வான்கோழியில்தான் மிகத் தீவிரம். இதற்குத் தீர்வு எளிது: காற்றுப் படாமல் பார்த்துக்கொள்வதும், சூடாக்கும்போது ஈரமும் கொழுப்பும் உள்ள ஒரு சாற்றுக்குள் அமிழ்த்திச் சூடாக்குவதும். பாலும் வெண்ணெயும் சேர்ந்த வெள்ளைச் சாறு இந்த இரண்டாவது வேலையைச் செய்வதற்காகவே பிறந்தது போலத் தோன்றும். மிஞ்சிய வான்கோழியை இந்த ஊரார் தலைமுறை தலைமுறையாகக் கிரீம் சாற்றில் போட்டுச் செய்துவருவதன் பின்னால், அறிவியல் பெயர் சூட்டாத ஓர் அனுபவ அறிவு இருக்கிறது.

ஆகவே வியாழன் இரவு. ஓவனிலிருந்து வெளியே எடுத்து 2 மணி நேரத்துக்குள் கறி குளிர்பெட்டிக்குப் போயாக வேண்டும் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லும் கணக்கு. அதை நான் கண்டிப்பாகப் பின்பற்றுகிறேன். பெரிய பாத்திரங்களில் மெல்ல ஆறுகிற இறைச்சியிலும் கிரேவியிலும், சமைத்த சூட்டுக்கும் சாகாத விதைத்துகள்களிலிருந்து முளைத்துப் பெருகுகிற பாக்டீரியா ஒன்று உண்டு. விருந்து மாதங்களான நவம்பரிலும் டிசம்பரிலும் அதனால் வரும் வயிற்றுக்கோளாறுகள் இங்கே அதிகம். காப்பி குடித்துக்கொண்டு கூடத்தில் பேச்சு நீளும் அந்த நேரத்தில்தான் நான் சமையலறையில் நிற்பேன். வீட்டுக்கு வந்தவர்களில் யாராவது ஒருவர் துணைக்கு வந்துவிடுவார். இந்த வேலை பேச்சுக்கு இடம் கொடுக்கிற வேலை.

முதலில் தொடைகளைத் திருகிக் கழற்ற வேண்டும். சரியாக வெந்த பறவையில் மூட்டு தானாகவே விட்டுக்கொடுக்கும். தொடைக்கறியையும் நெஞ்சுக்கறியையும் தனித்தனிப் பாத்திரங்களில் சேர்ப்பேன், ஏனென்றால் அவை சாற்றுக்குள் போகும் நேரம் வேறு வேறு. பிறகு பறவையைக் குப்புறப் புரட்டினால், முதுகெலும்பின் இரு பக்கமும், தொடை சேரும் இடத்துக்குச் சற்று மேலே, எலும்புக் குழியில் ஒளிந்திருக்கும் இரண்டு சிறு துண்டுகள் தென்படும். கட்டைவிரலை உள்ளே விட்டு மெல்ல நெம்பினால் முழுதாக வழுக்கிக்கொண்டு வரும். பறவையிலேயே மிருதுவான கறி அதுதான். அந்த மூதாட்டி முதல் நாளில் ஒன்றைத் தாம் எடுத்துக்கொண்டு மற்றதை என் கையில் வைத்தார். சமையற்காரருக்குச் சேர வேண்டியது என்றார். கறியைக் கத்தியால் சதுரம் சதுரமாக நறுக்க வேண்டாம். நார் போகும் போக்கிலேயே விரலால் இரண்டு அங்குல நீளத்துக்குப் பிய்த்தால்தான், பிய்ந்த ஓரங்களில் சாறு பற்றிக்கொள்ளும். பிய்த்த கறியின் மேல், வறுத்த தட்டில் தேங்கிய சாற்றைச் சில கரண்டி ஊற்றி, இறுக மூடி, தாழ்வான பாத்திரங்களில் குளிர்பெட்டிக்கு அனுப்பிவிட வேண்டும். காற்றுக்கும் கறிக்கும் நடுவே அந்தச் சாறுதான் காவல். இப்படி வைத்த கறி 3 அல்லது 4 நாள் வரை நன்றாக இருக்கும்.

எலும்புக்கூட்டை அன்றிரவே உடைத்துப் பெரிய பாத்திரத்தில் போட்டு மூடி வைத்துவிடுவேன். வெள்ளி காலையில் எழுந்ததும் முதல் வேலை எலும்புச்சாறு. எலும்பு மூழ்கும்வரை குளிர்ந்த நீர், பாதியாக வெட்டிய வெங்காயம், செலரித் தண்டு, ஒரு கேரட், பிரிஞ்சி இலை, பத்துப் பன்னிரண்டு மிளகு. உப்புப் போடுவதில்லை, கடையில் விற்கும் வான்கோழிகளில் பலவற்றுக்கு உப்புநீர் ஏற்றப்பட்டிருப்பதால், எலும்பிலேயே போதிய உப்பு ஊறியிருக்கும். தளதளவென்று கொதிக்க விட்டால் கொழுப்பு கரைந்து கலங்கிவிடும். ஓரத்தில் அவ்வப்போது ஒரு குமிழி எழும் அளவுக்கு மூன்று மணி நேரம் சிம்மில் வைத்தால் போதும். வடிகட்டி, கழுவுதொட்டியில் பனிக்கட்டி நீரில் பாத்திரத்தை நிறுத்தி ஆற்றுவேன். இங்கே நவம்பர் இறுதியில் வெளியே பனி கொட்டிக் கிடப்பதால் பலர் பாத்திரத்தைப் பின்வாசலில் வைத்துவிடுவார்கள். வெயில் எட்டிப் பார்த்தால் வெப்பம் ஏறிவிடுமாதலால் அதை நான் நம்புவதில்லை. குளிர்ந்த பிறகு சாறு ஜெல்லியைப் போல உறைந்து, கரண்டியால் தட்டினால் நடுங்க வேண்டும். அந்த உறைவுதான் பின்னர் நாக்கில் கொழகொழப்பாக உணரப்படும் செழுமை.

இனி அரிசி. இந்த உணவில் வான்கோழிக்குச் சமமான இடம் அரிசிக்கு உண்டு. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இந்த ஊரில் வாழும் தமிழர்களில்கூடப் பலர் இதைச் சூப்பர்மார்க்கெட்டில் கறுப்பாகக் கிடக்கும் ஒரு விசித்திரப் பொருளாகவே பார்க்கிறார்கள். ஆங்கிலத்தில் காட்டரிசி என்று பொருள்படும் பெயரால் அழைத்தாலும், இது நம் நெல்லுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் போன்ற வேறொரு புல்லினம். மினசோட்டாவின் வடபகுதியில் ஆழம் குறைந்த, நீர் மெல்ல நகரும் ஏரிகளில் தானாக முளைத்து, தானாக விதை சிந்தி, மறு ஆண்டும் முளைக்கும். அமெரிக்கப் பூர்வகுடியினரான ஓஜிப்வே மக்கள் இதை மனோமின் என்கிறார்கள். நீரின் மேல் உணவு விளையும் இடம் வரும்வரை மேற்கு நோக்கி நடங்கள் என்று தம் முன்னோருக்கு அருள்வாக்குக் கிடைத்ததாகவும், அதை நம்பி நடந்து வந்து இந்த ஏரிகளைக் கண்டதாகவும் அவர்களுடைய மரபுக் கதை சொல்கிறது. அவர்களுக்கு இது வெறும் தானியமன்று. 2018-இன் இறுதியில் வைட் எர்த் என்ற பகுதியின் ஓஜிப்வே மக்கள், தழைத்து வாழும் உரிமை மனோமினுக்கே உண்டு என்று தங்கள் சட்டத்தில் எழுதினார்கள். மினசோட்டாவும் 1977-இல் இதைத் தன் மாநில தானியமாக ஏற்றது.

ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் அறுவடை நடக்கும். அறுவடை என்று சொன்னாலும் அரிவாளுக்கு அங்கே வேலையில்லை. சிறு ஓடத்தில் இருவர் போவார்கள். ஒருவர் நீண்ட கழியை ஊன்றித் தள்ள, மற்றவர் ஒரு கையிலுள்ள குச்சியால் கதிர்களை ஓடத்துக்குள் வளைத்து, மறுகையிலுள்ள குச்சியால் மெதுவாகத் தட்டுவார். முற்றிய மணிகள் ஓடத்தில் விழும். முற்றாதவை கதிரிலேயே நிற்கும். தவறியவை நீரில் விழுந்து அடுத்த ஆண்டுக்கு விதையாகும். ஓடம் 18 அடி நீளத்துக்கும் 36 அங்குல அகலத்துக்கும் மேற்படக் கூடாது, குச்சி 30 அங்குலத்துக்கு மேல் நீளக் கூடாது, எடை ஒரு பவுண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமே அளவு வகுத்திருக்கிறது. பயிர் நோகக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். பிறகு இரும்புக் கொப்பரையில் விறகுத் தீயில் வறுத்து, மிதித்து உமி நீக்கி, பிர்ச் மரப்பட்டையால் செய்த தட்டுகளில் புடைப்பார்கள். முதல் முறை அந்தப் பட்டைத் தட்டைப் பார்த்தபோது, அது முறம்தான் என்று என் கைகளுக்கு உடனே தெரிந்துவிட்டது.

வயலில் இயந்திரங்களைக் கொண்டு விளைவிக்கப்படும் வகையும் கடைகளில் உண்டு. அது பளபளப்பான கருநிறத்தில் இருக்கும், வேகவும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அப்படி விளைந்ததை வயல் விளைச்சல் என்று பொட்டலத்தில் குறிப்பிட வேண்டும் என்பது மினசோட்டாச் சட்டம். ஏரியில் தட்டி எடுத்து விறகில் வறுத்த அரிசி, பழுப்பும் சாம்பலும் இளம்பச்சையுமாகக் கலந்து, பார்வைக்கு எளிமையாக இருக்கும். விலை இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் 20 அல்லது 25 நிமிடத்தில் வெந்துவிடும், அதோடு தேநீரும் விறகுப் புகையும் ஏரிக்கரை ஈரமும் கலந்த ஒரு மணம் அதற்கு உண்டு. ஹாட்டிஷுக்கு அதையே வாங்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறை செய்கிற உணவுக்கு ஒரு கப் அரிசியில் மிச்சம் பிடிக்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஏரியில் கழி ஊன்றியவரிடம் போய்ச் சேர்கிறது என்பதும் எனக்கு முக்கியம்.

ஒரு கப் அரிசியை மூன்று தண்ணீரில் அலசி, மூன்றரைக் கப் எலும்புச்சாற்றில் வேக வைக்க வேண்டும். பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள். முதல் பதினைந்து நிமிடம் மணிகள் ஊசி போல விறைத்தே கிடக்கும். பிறகு ஒவ்வொன்றாகப் பழுப்புத் தோல் நீளவாக்கில் கீறிக்கொள்ளும். உள்ளிருக்கும் வெண்மை எட்டிப் பார்க்கும். சற்று நேரத்தில் இரு முனைகளும் வெளிப்புறமாகச் சுருண்டு விரியும். பாதிக்கு மேற்பட்ட மணிகள் வாய் திறந்து, மற்றவை இன்னும் மூடியிருக்கும்போதே அடுப்பை அணைத்து வடித்துவிட வேண்டும். எல்லாம் விரியும்வரை காத்திருந்தால் ஓவனில் மறுபடி வேகும்போது குழைந்துவிடும். ஒரு கப் அரிசி மூன்றரைக் கப் சோறாகப் பெருகும். வடித்த சாற்றையும் கொட்டிவிடாதீர்கள். அதை அளந்து வெள்ளைச் சாற்றில் சேர்க்கலாம்.

ஹாட்டிஷ் என்ற சொல் இந்தப் பகுதியினரின் சொல். இறைச்சி, காய்கறி, மாவுப்பண்டம், அவற்றைப் பிணைக்கும் ஒரு கெட்டிச் சாறு ஆகிய எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து ஓவனில் வேக வைப்பது அது. 1930-இல் மான்கேட்டோ நகரின் லூதரன் தேவாலயப் பெண்கள் வெளியிட்ட சமையல் தொகுப்பு ஒன்றில்தான் அந்தப் பெயர் முதன்முதலாக அச்சேறியதாகச் சொல்கிறார்கள். 1934-இல் கேம்ப்பெல் நிறுவனத்தின் காளான் கிரீம் சூப் டின்னில் வந்த பிறகு, பிணைக்கும் வேலையை அந்த டின்னே எடுத்துக்கொண்டது. பஞ்ச காலத்திலும் போர்க்காலத்திலும் பெரிய குடும்பங்களைப் பசியாற்றிய டின் அது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் வெள்ளிக்கிழமையன்று நம்மிடம் வீட்டிலேயே காய்ச்சிய சாறு இருக்கும்போது, டின்னைத் திறப்பதற்கு அவசியம் இல்லை. இருபது நிமிடம் அடுப்பருகே நின்றால் போதும்.

வெள்ளைச் சாற்றுக்கு முன் காளான். 225 கிராம் காளானைக் கனமாக நறுக்கி, அகன்ற வாணலியில் எண்ணெய் சிறிதும் இல்லாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி பரப்பி, நல்ல தீயில் வையுங்கள். சற்று நேரத்தில் தன் தண்ணீரையெல்லாம் அது விட்டுவிடும். அந்தத் தண்ணீர் வற்றி வாணலி வறண்டு, கீச்சென்ற ஒலி எழும்போது ஒரு தேக்கரண்டி வெண்ணெயும் உப்பும் சேர்த்து, ஓரங்கள் பொன்னிறமாகும்வரை வதக்கித் தனியே எடுத்து வைக்க வேண்டும். நேராகச் சாற்றில் போட்டால் காளான் விடும் நீரில் சாறு நீர்த்து, நிறமும் சாம்பலாகிவிடும்.

அடிகனமான பாத்திரத்தில் 85 கிராம் வெண்ணெயை உருக்கி, பொடியாக நறுக்கிய ஒரு பெரிய வெங்காயம், இரண்டு செலரித் தண்டு, இரண்டு கேரட் ஆகியவற்றைச் சிறுதீயில் எட்டு நிமிடம் வதக்குங்கள். நிறம் மாறக் கூடாது, மென்மையாக வேண்டும். அதில் அரைக் கப் மைதாவைத் தூவிக் கிளறும்போது எல்லாம் ஈரமணலைப் போலத் திரண்டு பாத்திரத்தின் அடியில் ஒட்டத் தொடங்கும். இங்கே பொறுமை வேண்டும். மாவு வாடை போய், பேக்கரி வாசலில் வீசுகிற பிஸ்கட் மணம் எழுவதற்கு மூன்று நிமிடம் ஆகும். அதன் பிறகு மூன்று கப் எலும்புச்சாற்றை ஒரு கரண்டி, பின் ஒரு கரண்டி என்று ஊற்றி, ஒவ்வொரு முறையும் முழுவதும் கரைந்து வழுவழுப்பான பிறகே அடுத்ததை ஊற்ற வேண்டும். முதல் கரண்டியில் அது களி போல இறுகும். பயப்பட வேண்டாம், மூன்றாவது கரண்டியில் இளகிவிடும். மொத்தச் சாற்றையும் ஒரே வீச்சில் கொட்டினால்தான் கட்டி தட்டும். வியாழக்கிழமைக் கிரேவி ஒரு கப் மிஞ்சியிருந்தால் சாற்றில் ஒரு கப்பைக் குறைத்துக்கொண்டு அதைச் சேர்க்கலாம்.

பிறகு ஒன்றரைக் கப் ஹாஃப் அண்ட் ஹாஃப், அதாவது பாலும் கிரீமும் சரிபாதியாகக் கலந்தது. முழுக் கிரீம் ஊற்றுவோரும் உண்டு. எனக்கு அது நாக்கை மூடி, அரிசியின் மணத்தை மறைத்துவிடுவதாகத் தோன்றுகிறது. மெல்லிய குமிழி எழும்படி ஐந்து நிமிடம் கொதித்தால்தான் மாவின் கெட்டிப்பு முழுமையாக வெளிப்படும். அதற்கு முன்பே, நீர்த்திருக்கிறதே என்று மேலும் மாவு சேர்த்துவிடாதீர்கள். மரக்கரண்டியை அமிழ்த்தி எடுத்து, அதன் முதுகில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோட்டின் இரு கரைகளும் வழிந்து சேராமல் ஒரு கணம் நின்றால் பதம் சரி. நமக்குப் பிடித்த பதத்தைவிட ஒரு படி இளக்கமாகவே நிறுத்த வேண்டும், ஓவனில் அரிசி இன்னும் குடிக்கும். தைம் இலை ஒரு தேக்கரண்டி, சேஜ் இலை நான்கைந்து, துருவிய ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, அப்போதே இடித்த மிளகு தாராளமாக. ஷெர்ரி ஒயின் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றுவது இங்குள்ள வழக்கம். நான் அதற்குப் பதிலாக, அடுப்பை அணைத்த பின் அரை எலுமிச்சை பிழிகிறேன். கொதிக்கும்போது பிழிந்தால் பால் திரிந்துவிடும்.

உப்பைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும், கறி சேர்ந்த பிறகு. நான்கு கப் கறியில் தொடைக்கறி முதலில் போகும். அதில் கொழுப்பும் பிசினும் அதிகமாதலால் சாற்றில் இரண்டு நிமிடம் கொதிப்பது அதற்கு நன்மையே செய்யும். நெஞ்சுக்கறி, அடுப்பை அணைத்த பிறகு, அரிசியோடும் காளானோடும் சேர்ந்து போக வேண்டும். ஏற்கெனவே ஒரு முறை வெந்த கறி அது. இரண்டாம் முறை சூடேற வேண்டுமே தவிர வேகக் கூடாது. வறண்டுபோயிற்று என்று எனக்கு எழுதியவர்கள் அனைவரும் நெஞ்சுக்கறியைச் சாற்றில் போட்டுக் கொதிக்க விட்டவர்கள்.

எல்லாவற்றையும் மெதுவாகப் புரட்டி, வெண்ணெய் தடவிய 9-க்கு 13 அங்குலக் கண்ணாடித் தட்டில் ஊற்றுங்கள். விருந்தில் மிஞ்சிய பன்னை உதிர்த்து, உருகிய வெண்ணெயில் பிசிறி, ஒரு கைப்பிடி சீவிய பாதாமும் சேர்த்து மேலே தூவினால் போதும். முந்தைய நாள் ஸ்டஃபிங், அதாவது பறவைக்குள் அடைக்கும் ரொட்டிக் கலவை, மிச்சம் இருந்தால் அதையே உதிர்த்துத் தூவலாம், இன்னும் சிறப்பு. 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 175 டிகிரி செல்சியஸில், முதல் 20 நிமிடம் அலுமினியத் தாளால் மூடியும், பிறகு 15 நிமிடம் திறந்தும் வைக்க வேண்டும். நடுப்பகுதியின் வெப்பம் 165 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 74 டிகிரி செல்சியஸை, தொட வேண்டும். வெளியே எடுத்தவுடன் பரிமாறாதீர்கள். பத்து நிமிடம் அப்படியே இருக்கட்டும். அந்த நேரத்தில்தான் சாறு அரிசியோடு சேர்ந்து இறுகும். பக்கத்தில் முந்தைய நாள் கிரான்பெர்ரித் தொக்கு ஒரு கரண்டி இருந்தால், அந்தப் புளிப்பு இந்தச் செழுமைக்கு நன்றாக ஈடுகொடுக்கும்.

2019-இல் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு இரண்டு மாதம் இருந்தார். வியாழக்கிழமை வான்கோழியை மரியாதைக்காக ஒரு துண்டு சாப்பிட்டதோடு சரி, வெள்ளி இரவு இந்தத் தட்டை எட்ட நின்றே பார்த்தார். முதல் கரண்டிக்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் முறை தாமே போட்டுக்கொண்டு, "ஏட்டி, இது நேத்தைக்கு உள்ள கறின்னு சொன்னா யாரு நம்புவா? நம்ம கல்யாண வீட்டுச் சுண்டக்கறி மாதிரில்லா இருக்கு" என்றார். கல்யாணத்துக்கு மறுநாள், மிஞ்சிய கூட்டையும் குழம்பையும் ஒன்றாகச் சேர்த்து, விறகடுப்பில் வற்றி வற்றி எண்ணெய் பிரியும்வரை சுண்டவைத்து, பந்தல் பிரிக்கும் ஆட்களுக்கும் எஞ்சியிருந்த சொந்தக்காரர்களுக்கும் போடுவார்களே, அதைச் சொன்னார். வகையால் இரண்டுக்கும் தொடர்பே இல்லை. ஒன்றில் புளியும் மிளகாயும், மற்றதில் பாலும் வெண்ணெயும். ஆனால் அம்மா சொன்னது எனக்கு உடனே புரிந்தது. இரண்டிலும் விருந்தின் ஆரவாரம் ஓய்ந்த பிறகு, அவசரம் இல்லாத ஒருவர் அடுப்பருகே நின்றிருக்கிறார். அதன் பிறகு அம்மா, "மிளகு மட்டும் இன்னுங் கொஞ்சம் இடிச்சுப் போடுட்டி" என்று சொன்னதை அன்றிலிருந்து இன்றுவரை கடைப்பிடிக்கிறேன்.

மேலே சொன்ன அளவு எட்டுப் பேருக்குக் காணும். கறி இன்னும் மிஞ்சினால் எலும்புச்சாற்றில் மூழ்க வைத்து உறைபெட்டியில் வைத்துவிடலாம். ஜனவரியில் வெளியே மைனஸ் 25 டிகிரி அடிக்கும் ஒரு மாலையில் இன்னொரு தட்டுக்கு ஆகும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த மூதாட்டி இப்போது பக்கத்து வீட்டில் இல்லை. ஊரின் மறுகோடியிலுள்ள முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் சிறிய தட்டு ஒன்றில் தனியாக ஒரு பங்கு வேக வைத்து, இந்த ஊர் வழக்கப்படி தட்டின் அடியில் எங்கள் பெயரை எழுதிய காகித டேப்பை ஒட்டி, சனிக்கிழமை நண்பகலில் அவரிடம் கொண்டுபோகிறேன். ஓரத்தில் மொறுமொறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும் பகுதியைத்தான் அவர் முதலில் சுரண்டி எடுப்பார். போன நவம்பரில் முள்கரண்டியின் நுனியில் ஒரே ஒரு மணியை எடுத்து மூக்குக்கண்ணாடிக்கு அருகே பிடித்து, அது வாய் திறந்து சுருண்டிருப்பதை வெகுநேரம் பார்த்தார். "ஏரி அரிசிதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகுதான் சாப்பிடத் தொடங்கினார்.